கண்காட்சித் திறப்பில் ஓவியரோடு உரையாடல்: டர்பன் கேலரிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

டர்பனில் ஒரு கண்காட்சி திறக்கிறது என்றால் காட்சி பெரும்பாலும் இப்படித்தான்: மாலை ஆறரை, ஆளுக்கொரு கிளாஸ், மூலையில் சமூசாவும் சில்லி பைட்ஸும், நடுவில் ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். ஓவியரும் இன்னொருவரும் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். பின்னால் நிற்பவர்களுக்குப் பாதி கேட்பதில்லை. முன்னால் உட்கார்ந்தவர்களுக்குப் படங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. கைதட்டி முடித்ததும் கூட்டம் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போகிறது.

இந்த உரையாடலுக்கு இருப்பது ஒரே வேலை. கேட்டவர் எழுந்து மறுபடியும் படத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நாள் குறிப்பது, நாற்காலி போடுவது, மைக் வைப்பது, கேள்வி எழுதுவது எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்தே முடிவு செய்யுங்கள். கீழே சொல்வதெல்லாம் 60 முதல் 80 பேர் வரும் நடுத்தரக் கேலரிக்குப் பொருந்தும். குளென்வுட் புல்வர் ரோட்டின் கே.இஸட்.என்.எஸ்.ஏ. (குவாஸுலு-நடால் கலைச் சங்கம்) கேலரியோ, சிட்டி ஹால் மாடியில் இருக்கும் டர்பன் ஆர்ட் கேலரியோ, டெர்பி தெருவின் 1860 ஹெரிடேஜ் சென்டரோ, கோயில் மண்டபத்தில் நீங்களே தற்காலிகமாகப் போட்ட காட்சியோ, கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில், எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இந்த ஊரில் திறப்புரை, உரையாடல், வாக்கபவுட் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். திறப்புரை என்பது ஒருவர் நின்று ஐந்து நிமிடம் பேசி, காட்சி திறந்தது என்று அறிவிப்பது. உரையாடல் என்பது ஓவியரும் நெறியாளரும் உட்கார்ந்து பேசுவது. வாக்கபவுட் என்று தென்னாப்பிரிக்கக் கேலரிகள் சொல்வது, ஓவியரோ கியூரேட்டரோ (காட்சியைத் தொகுத்தவர்) பார்வையாளர்களைப் படம் படமாகக் கூட்டிப்போய் விளக்குவது.

வாக்கபவுட் 20 பேருக்கு மேல் தாங்காது. இருபத்தொன்றாவது ஆளுக்குப் படம் தெரியாது, முன்னால் நிற்பவரின் தோள்தான் தெரியும். ஆகவே திறப்பு மாலையில் உரையாடல் வையுங்கள், வாக்கபவுட்டை அடுத்த அல்லது அதற்கடுத்த சனிக்கிழமை காலை 11 மணிக்குத் தள்ளுங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வரும் முதியவர்களுக்கும் அதுதான் தோது. இருட்டிய பிறகு அவர்களை யாராவது காரில் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. இரவு ஏற ஏற மினிபஸ் டாக்சியும் குறையும்.

திறப்புரையும் உரையாடலும் ஒரே மாலையில் இருந்தால் திறப்புரைக்கு 5 நிமிடம், நன்றி சொல்ல 3 நிமிடம். அமைச்சரோ கவுன்சிலரோ வருவதாக இருந்தால், படங்களை அவருக்கு முன்பே காட்டிவிடுங்கள். குறைந்தபட்சம் அச்சிட்ட பிரதியையாவது அனுப்பி, பார்த்தார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் கான்ஸ்டிட்யூஷன் ஹில்லில் 2009-இல் நடந்த ஒரு கண்காட்சிக்குப் பேச வந்த அன்றைய கலை, பண்பாட்டு அமைச்சர் லுலு ஷிங்வானா, உம்லாசியில் பிறந்த ஸனெலே முஹோலியின் ஒளிப்படங்களைப் பார்த்ததும் பேசாமலே வெளியேறினார். 2010-இல் அது செய்தியாகி நாடு முழுக்க விவாதமானது. முஹோலியின் பெயர் அதனால் குறையவில்லை. ஆனால் அன்று மாலை அந்த அரங்கை நடத்தியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நாள் குறித்தல்: ஆறு வாரம் முன்பு

காலண்டரில் முதலில் அடிக்க வேண்டியவை: தைப்பூசக் காவடியும் அதற்கு முந்தைய விரத நாட்களும், பெரிய வெள்ளி (அன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மனுக்கும் கேட்டோ மேனர் தீமிதிக்கும் பாதி ஊர் போய்விடும்), சித்ரா பௌர்ணமிக் காவடி, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் ஞாயிறுகள், தீபாவளி வாரம். புரட்டாசியில் நடத்தலாம், ஆனால் சாப்பாடு முழுக்க மரக்கறியாக இருக்கட்டும். அந்த மாதம் இங்கே எத்தனை வீடுகள் கவிச்சியைத் தொடுவதில்லை என்பது வெளியூர்க் கேட்டரருக்குத் தெரியாது. கோழிச் சமூசாவையும் உருளைக்கிழங்குச் சமூசாவையும் ஒரே தட்டில் அடுக்கிவிட்டு, "ஓரத்தில் இருப்பது வெஜ்" என்பார்.

நவம்பர் 16 தனிக்கதை. 1860-இல் அந்தத் தேதியில்தான் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் 1,52,184 பேர். அந்த வரலாற்றைத் தொடும் காட்சி என்றால் எல்லோருக்கும் 16-ஆம் தேதியே வேண்டும். அதனால் ஆட்கள் பிரிந்துபோய் அன்று எந்த அரங்கிலும் கூட்டம் இருக்காது. ஒரு வாரம் முன்னால் வையுங்கள்.

நேரம் இப்படி ஓடட்டும். 17:15-க்கு விளக்குகளும் லேபிள்களும் தயார். 17:30-க்குக் கதவு திறப்பு. 18:20-க்கு மணி. 18:30-க்கு ஆரம்பம். 19:20-க்குள் முடிவு (திறப்புரையும் நன்றியும் இருந்தால் இன்னும் எட்டு நிமிடம்). "இந்தியன் டைம்" என்று நம்மை நாமே கிண்டல் செய்துகொண்டு 19:00-க்கு ஆரம்பிக்கிற பழக்கம்தான் பாதிக் கெடுதலுக்குக் காரணம். தாமதிக்கும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கூட்டம் இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொள்ளும், சத்தம் ஒரு படி ஏறும். பேச்சுக்கு முன்னால் மக்கள் படங்களைப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் குடித்திருக்கக் கூடாது. 17:30 முதல் 18:20 வரை தண்ணீரும் ஜூஸும் மட்டும் கொடுங்கள். மற்றதெல்லாம் 19:20-க்குப் பிறகு, முடிந்தால் முற்றத்தில். மஞ்சள்தூள் பட்ட விரல் ஒருமுறை தாள் ஓவியத்தைத் தொட்டால் அந்தக் கறை போகவே போகாது.

நெறியாளர்

ஓவியரைவிட நெறியாளரைத் தேர்வதில்தான் அதிகம் சறுக்குகிறோம். பேராசிரியர் வேண்டும் என்று நினைத்து, பத்து நிமிட அறிமுகத்தைத் தாளைப் பார்த்துப் படிப்பவரைக் கூப்பிடுகிறோம். வேண்டியது, ஓவியரின் வேலையை, அதாவது அவர் படைப்புகளை, நிதானமாகப் பார்த்தவர், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர். அவருக்கும் சம்பளம் உண்டு. தொகையை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு வாரம் முன்பு நெறியாளர் ஓவியரின் ஸ்டூடியோவுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் இருக்க வேண்டும். அங்கே கேள்விகளை ஒத்திகை பார்க்கக் கூடாது. அங்கே ஒருமுறை நன்றாகச் சொன்ன பதில் மேடையில் செத்துப் பிறக்கும். என்ன பேசக் கூடாது, எது புண், எந்தப் படத்தைப் பற்றி ஓவியருக்கே சந்தேகம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வந்தால் போதும். திறப்புக்கு முந்திய நாள், படங்கள் மாட்டி முடித்த பிறகு, இருவரும் அறையை ஒருமுறை சுற்றிவர வேண்டும். ஸ்டூடியோவில் தரையில் கிடந்த வேலை சுவரில் ஏறியதும் வேறு ஒன்றாகியிருக்கும்.

பெயர் உச்சரிப்பைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும். கவுண்டர் இங்கே கவெண்டர் ஆகி, முதலி மூட்லி ஆகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த நெறியாளர் மேடையில் "சரியாகச் சொன்னால் கவுண்டர், இல்லையா?" என்று திருத்தினால், அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சுமந்த பெயரை நாலு பேர் முன்னால் பிழை என்று சொன்னதாகிவிடும். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

கேள்விகள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பன்னிரண்டு கேள்வி எழுதுங்கள், ஆறு கேட்பீர்கள். ஒரு சிறு அட்டையில், ஒரு கேள்விக்கு ஐந்தாறு சொல். முழு வாக்கியமாக எழுதினால் படிக்கத் தோன்றும். படித்தால் ஓவியரின் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள்.

"உங்களுக்கு உந்துதல் யார்?", "கலைக்கு நீங்கள் வந்தது எப்படி?", "இந்தக் காட்சி மூலம் என்ன சொல்ல வருகிறீர்கள்?" இந்த மூன்றையும் அடித்துவிடுங்கள். இவற்றுக்கு எல்லா ஓவியரிடமும் தயார் பதில் இருக்கிறது, அந்தப் பதில் எந்தப் படத்துக்கும் கேட்பவரைக் கூட்டிப்போகாது. ஒவ்வொரு கேள்வியும் அறையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளிலிருந்து தொடங்கட்டும்.

உதாரணத்துக்கு ஒரு வேலையைக் கற்பனை செய்துகொள்வோம். பழைய சர்க்கரைக் கோணி ஒன்று. அதன்மேல் கப்பல் பட்டியலின் ஒரு வரி சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் எல்லாம் இருக்கும். உடல் அடையாளத்துக்கும் ஒரு பத்தி உண்டு. ஓவியர் பெயரைத் தைக்கவில்லை, உடல் அடையாளத்தை மட்டும் தைத்திருக்கிறார்: இடது முழங்காலில் தழும்பு. தையல் பாதியில் நிற்கிறது, நூல் தொங்குகிறது.

மோசமான கேள்வி: "ஒப்பந்தக் கூலி முறையின் வலியை இந்தப் படைப்பில் எப்படி வெளிப்படுத்தியிருக்கிறீர்கள்?" இதில் பதிலையும் நெறியாளரே சொல்லிவிட்டார். ஓவியர் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை.

நல்ல கேள்வி: "பட்டியலில் பெயர் இருக்கிறது. நீங்கள் தழும்பை எடுத்தீர்கள். ஏன்?" இன்னொன்று: "நூல் ஏன் அங்கே நிற்கிறது?" பதில் "நூல் தீர்ந்துபோச்சு" என்றுகூட இருக்கலாம். அதுவும் நல்ல பதில்தான். அப்போது கேட்க வேண்டியது, "தீர்ந்ததும் வேறு நூல் எடுக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டா?" இதற்குள் அறையில் பாதிப்பேர் கழுத்தைத் திருப்பி அந்தக் கோணியைத் தேடியிருப்பார்கள். வேண்டியதும் அதுதான்.

வரிசை இப்படி அமைந்தால் வழுக்காமல் போகும். முதல் கேள்வி பொருளைப் பற்றி: கோணி எங்கே கிடைத்தது, துணி எது, சாயம் எது. பதட்டமாக இருக்கும் ஓவியருக்கும் பொருளைப் பற்றிப் பேச வரும். இரண்டாவது, ஒரு முடிவைப் பற்றி. மூன்றாவது, காட்சியில் இடம்பெறாமல் போன ஒரு வேலையைப் பற்றி. நாலாவதில் குடும்பத்துக்கோ ஆவணத்துக்கோ போகலாம். அதற்கு முன் போகாதீர்கள். "ஆயா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார்களாமே" என்று ஆரம்பித்தால் மாலை முழுக்க ஆயாவைப் பற்றித்தான் இருக்கும், படத்தைப் பற்றி இருக்காது. கேட்கிற கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆயா உண்டு. ஐந்தாவதும் ஆறாவதும் அங்கே கிளம்பியதைப் பின்தொடர விட்டுவையுங்கள்.

பதில் முடிந்ததும் மூன்று நொடி பேசாமல் இருங்கள். ஓவியர் அநேகமாக இன்னொரு வாக்கியம் சொல்வார், பல சமயம் அந்த வாக்கியம்தான் மாலையிலேயே சிறந்ததாக இருக்கும்.

எந்த மொழியில்?

டர்பனில் இதை மழுப்பக் கூடாது. பெரும்பாலான ஓவியர்களும் பார்வையாளர்களும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். தமிழ் மட்டும் வசதியான முதியவர்களும், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களும், ஐசிஸுலு (ஸுலு மொழி) பேசுபவர்களும் அதே அறையில் இருப்பார்கள். மேடையில் ஒருவர் பேசப் பேச இன்னொருவர் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிக்கும். ஆறு கேள்வி நாலாகும். அதற்குத் தயார் என்றால் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரியில் தமிழிலும் ஐசிஸுலுவிலும் தாள் அடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, கேள்விகளை எந்த மொழியிலும் கேட்கலாம் என்று அறிவியுங்கள். நெறியாளர் அதை ஒரு வரியில் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னால் போதும்.

கூட்டத்திலிருந்து ஒருவர் நிச்சயம் கேட்பார்: "நீங்கள் தமிழா? தமிழ் பேசுவீர்களா?" கேட்பவர் அன்பாகவே கேட்பார். கேட்கப்பட்டவர் தலை குனிவார். இங்கே தமிழ் தேய்ந்தது தனி மனிதர் செய்த தப்பில்லை, பள்ளிக்கூடமும் பிழைப்பும் நிறவெறி ஆட்சியும் சேர்ந்து செய்தது. நெறியாளர் உடனே குறுக்கிட்டு, "இந்த வேலையில் தமிழ் எழுத்து வருகிறதே, அது எங்கிருந்து வந்தது?" என்று கேள்வியைப் படத்தின் பக்கம் திருப்பலாம். எழுத்தே இல்லையென்றால், "வீட்டில் எந்தச் சொற்கள் இன்னும் தமிழில்தான் இருக்கின்றன?" என்று கேளுங்கள். சமையலறையும் சாமியறையும் திறந்துகொள்ளும்.

இடம்

10 மீட்டருக்கு 12 மீட்டர் அறையை வைத்துக்கொள்வோம். 60 நாற்காலி: வரிசைக்கு 12, ஐந்து வரிசை. நாற்காலிக்கு 50 செ.மீ. அகலம், நடுவில் 1.2 மீட்டர் வழி. மொத்தம் 7.2 மீட்டர். இரண்டு பக்கமும் சுவருக்கு 1.4 மீட்டர் கிடைக்கும். ஒரு மீட்டருக்குக் கீழே போகவிடாதீர்கள், தோளும் கைப்பையும் படத்தில் உரசும். வரிசைக்கு வரிசை 90 செ.மீ. ஓரங்களில் கைப்பிடி உள்ள நாற்காலி நாலு போட்டால் முதியவர்கள் எழ உதவும்.

பேசுபவர்களைச் சுவருக்கு முன்னால் நடுவில் வைத்து, பின்னால் மிகப் பெரிய படத்தைத் தொங்கவிடுவது வழக்கம். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் முக்கால் மணி நேரம் அந்தப் படத்தை இரண்டு தலைகள் மறைக்கும், ஓவியருக்கோ அது முதுகுப்பக்கம். மேடையை ஒரு மூலைக்குச் சாய்த்துப் போடுங்கள். பேசப்போகும் இரண்டு மூன்று வேலைகள் ஓவியர் கைநீட்டினால் காட்டக்கூடிய இடத்தில், கூட்டத்தின் கண்ணுக்கு நேராக வரட்டும். மேடை உயரம் 20 செ.மீ. போதும். படங்களின் விளக்கை அணைக்காதீர்கள்.

கிழக்குக் கடற்கரையின் ஈரமும் கணக்கில் வர வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய 100 வாட் வெப்பமும் மணிக்கு 50 கிராம் நீராவியும் வெளிவிடுகிறார். 80 பேர் என்றால் 8 கிலோவாட், மணிக்கு 4 லிட்டர் தண்ணீர். ஃபேன் சத்தம் பிடிக்காமல் ஏசியை அணைத்தால் ஒரு மணி நேரத்தில் சட்டமில்லாத தாள்கள் அலை அலையாக நெளியும். மாலை நாலு மணியிலிருந்தே அறையை நன்றாகக் குளிர்வித்துவிட்டு, பேச்சின்போது ஏசியை அணைக்காமல் அதன் ஃபேனை மட்டும் குறைந்த வேகத்தில் வையுங்கள். முடிந்ததும் மறுபடி ஏற்றுங்கள்.

ஒலி: வெறும் அறையில் பார்த்த சோதனையை நம்பாதீர்கள்

வெள்ளைச் சுவர், சிமென்ட் தரை, உயரமான கூரை. கேலரி என்பது பேச்சைக் கெடுப்பதற்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். அறையில் முழக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று சொல்லும் சேபைன் வாய்பாட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே 10 × 12 அறை 4 மீட்டர் உயரம் என்றால் கனஅளவு 480 கன மீட்டர். சுவர், தரை, கூரைப் பரப்பு மொத்தம் 416 சதுர மீட்டர். அது சராசரியாக 5 சதவீத ஒலியைத்தான் உறிஞ்சும் என்றால் உறிஞ்சும் பரப்பு 20.8. கனஅளவை 0.161-ஆல் பெருக்கி இதனால் வகுத்தால் முழக்கம் அடங்க 3.7 நொடி. இதில் ஒரு சொல்மேல் அடுத்த சொல் விழும். 60 பேர் உட்கார்ந்ததும், ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் வைத்தால் உறிஞ்சும் பரப்பு 47.8 ஆகும், முழக்கம் 1.6 நொடிக்கு இறங்கும். 20 சதுர மீட்டர் கனத்த திரை போட்டால் 1.3. பேச்சுக்கு ஒரு நொடிக்குக் கீழே இருப்பது நல்லது. அது கேலரியில் கிடைக்காது.

அதனால் சத்தத்தைக் கூட்டுவது தீர்வாகாது, கூட்டினால் முழக்கமும் கூடவே ஏறும். ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் வழி. முன்னால் சின்னதாக இரண்டு, ஆறு மீட்டர் பின்னால் இன்னும் இரண்டு, குறைந்த சத்தத்தில். பின்னிரண்டுக்கும் தாமதம் வைக்க மறக்காதீர்கள். ஒலி ஆறு மீட்டர் கடக்க 17 மில்லிசெகண்ட் ஆகும். இன்னும் 10 சேர்த்து 27 வைத்தால், பின்னால் இருப்பவருக்கும் குரல் மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். மிக்சரில் (மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பெட்டி) 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், உறுமல் பாதி போகும்.

மைக் வாயிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் என்றால் அடுத்தவரின் மைக் குறைந்தது 45 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். மூன்று மடங்கு விதி இது. நெருங்கினால் ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் விழுந்து குகைக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். ஸ்பீக்கர்கள் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் போனால் விசில் அடிக்கும். காலர் மைக்கை எல்லோரும் விரும்புகிறார்கள், ஆனால் சேலைத் தலைப்பும் தாலிச்சங்கிலியும் அதில் உரசும் சத்தம் மாலை முழுக்க வரும். அப்படி உடுத்தி வருபவருக்குக் காதில் மாட்டும் மைக், அல்லது மேசைமேல் ஸ்டாண்டில் ஒன்று. வளையல் போட்ட கையில் கைமைக் வேண்டாம்.

பழைய வயர்லெஸ் மைக்குகளில் ஒரு பொறி இருக்கிறது. இந்த நாட்டில் 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் மொபைல் நிறுவனங்களுக்குப் போய்விட்டன. 694-க்கு மேலே இயங்கும் பழைய செட்டை இரவல் வாங்கினால், காலி அறையில் நன்றாக வேலை செய்யும், எண்பது போன் உள்ளே வந்ததும் வெட்டி வெட்டிக் கேட்கும். செட்டின் முதுகில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என்ன இருந்தாலும் கம்பி மைக் ஒன்று மிக்சரில் செருகித் தயாராக இருக்கட்டும்.

கரண்ட்

லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2024-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. ஆனால் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் ஊரை விட்டுப் போகவில்லை. சின்ன ஒலி செட்டும் நாலு விளக்கும் சேர்த்து 300 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கிடைப்பது 600 வாட்-மணி, இன்வெர்ட்டர் நஷ்டம் போக 500. ஒன்றரை மணி நேரத்துக்குப் போதும். மிக்சர் டிஜிட்டல் என்றால் அதற்கு மட்டும் ஒரு யூ.பி.எஸ். தனியாக வையுங்கள். கண் சிமிட்டும் நேரம் கரண்ட் போனாலே அது முதலிலிருந்து எழுந்து வர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். பெரிய மூன்றுமுள் பிளக்குக்கும் புதிய மெல்லிய பிளக்குக்கும் அடாப்டர் நாலைந்து பையில் இருக்கட்டும். கேலரி மாடியில் இருந்தால் லிஃப்ட் நிற்கும் என்பதையும் யோசியுங்கள். முதியவர்களைப் படிக்கட்டில் இறக்க டார்ச்சோடு இரண்டு பேரை முன்பே சொல்லி வையுங்கள்.

கூட்டத்தின் கேள்விகள்

உரையாடல் 35 நிமிடம், கேள்விகள் 15. மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். உதவியாளர் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கையில் வந்த மைக் திரும்பி வராது. கேள்வி சொற்பொழிவாகும், சொற்பொழிவு தேவாரத்தில் போய் முடியும். கதவருகே துண்டுத் தாளும் பென்சிலும் வையுங்கள். எழுந்து பேசக் கூச்சப்படும் பெண்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் வரும் துண்டுகளில்தான் பல சமயம் நல்ல கேள்வி இருக்கும். முதல் வாய்ப்பை இளைஞர் ஒருவருக்குக் கொடுங்கள். சங்கத் தலைவருக்கு முதலில் கொடுத்தால் பிறகு யாரும் கை தூக்க மாட்டார்கள்.

விலை பற்றி மேடையில் கேட்டால், "பட்டியல் முகப்பு மேசையில் இருக்கிறது" என்று ஒரே வரி. விற்ற படத்துக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டும் வேலையும் பேச்சு முடியும்வரை நிற்கட்டும். ஒரு புள்ளி ஒட்டப்படுவதைப் பார்த்ததும் அறை முழுக்க அந்தப் பக்கம் திரும்பும், ஓவியர் உட்பட.

சாமி, சூலம், காவடி, வேப்பிலை ஆகியவை வேலையில் வந்தால் மனத்தாங்கலோடு ஒருவர் எழுவார் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள். ஜோகன்னஸ்பர்க் ஓவியரும் பரதநாட்டியக் கலைஞருமான ரேஷ்மா சிபா 2013-இல், கான்ஸ்டிட்யூஷன் ஹில்லின் பழைய பெண்கள் சிறைக்குள், காளியை மனத்தில் வைத்துப் பார்வையாளர் உள்ளே நடந்துபோகக்கூடிய பெரிய யோனி வடிவத்தை அமைத்தார். வரவேற்றவர்களும் இருந்தார்கள், அதிர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் காட்சி, கியூரேட்டர் நொன்டொபெகோ ந்டோம்பெலாவோடு அவர் நடத்திய உரையாடலாகவே வகுக்கப்பட்டிருந்தது. அதனால் ஏன் இது, ஏன் இங்கே என்ற கேள்விக்கு வேலைக்குள்ளேயே இடம் இருந்தது. கோபப்படுபவரிடம் வாதாட வேண்டாம். "அண்ணா, உங்களுக்கு எந்த இடம் உறுத்துகிறது? காட்டுங்களேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் படத்தை இன்னும் முழுசாகப் பார்த்திருக்க மாட்டார். காட்டப் போனால் பார்ப்பார். அதற்குப் பிறகும் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம், ஓவியர் பதில் சொல்லட்டும்.

பதிவு

மிக்சரிலிருந்து ஒரு பதிவு, அறை நடுவில் சின்ன ரெக்கார்டரில் இன்னொன்று. மிக்சர் பதிவில் கூட்டத்தின் சிரிப்பு இருக்காது, அறைப் பதிவில் சொல் தெளிவிருக்காது, இரண்டையும் கலந்தால்தான் சரி. நேரலை போடுவதென்றால் 720 தரத்துக்கு ஏற்றும் வேகம் நொடிக்கு 3 மெகாபிட் வேண்டும். கையில் 6 இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். தனிநபர் தகவல்களைக் காக்கும் பொபியா சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. படம் பிடிக்கிறோம் என்று வாசலில் பலகை வையுங்கள். வருகைப் பதிவேட்டில் எழுதிய தொலைபேசி எண்ணை, கேட்காமல் வாட்சப் குழுவில் சேர்க்காதீர்கள். ஓவியத்தின் காப்புரிமை, படம் விற்ற பிறகும் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொதுவாக ஓவியரிடம்தான். படங்களை இணையத்தில் போட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

முடிந்த பிறகு பத்து நிமிடம்

கைதட்டல் ஓய்ந்ததும் நாற்காலிகளை மடக்க ஆரம்பியுங்கள், பின்வரிசையிலிருந்து. நாற்காலி கிடந்தால் மக்கள் அதிலேயே உட்கார்ந்து பேசுவார்கள், சுவருக்குப் போக வழியும் இருக்காது. சாப்பாட்டு மேசைத் துணியைப் பத்து நிமிடம் கழித்து விலக்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஓவியர் எந்தப் படத்தின் முன்னால் நிற்கப்போகிறார் என்பதை முன்பே பேசி வைத்திருங்கள், அவர் நிற்கும் இடத்தில்தான் கூட்டம் கூடும். அவர் கையில் தண்ணீர் ஒன்று கொடுங்கள், ஐம்பது நிமிடமாகப் பேசியிருக்கிறார். கடைசி ஆள் போனதும் பீடங்களின்மேல் யாராவது கிளாஸ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அநேகமாக ஒன்று இருக்கும், ஈர வட்டம் பதிவதற்குள் எடுத்துவிடலாம்.